பத்தாவது இலக்கம்

"அசையாதீங்க. கொஞ்சம்கூட அசையக் கூடாது" என்றாள் டைப்பு அக்கா.

அசைய முடியாத நிலையில்தான் இருந்தார்கள் இருவரும். ஷூ கிடங்கின் மூலையில், கணினி மேசைமேல், ஒரு குட்டிப் புத்தகம் நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தில் விரிந்து கிடந்தது. பக்கத்தில் படிக்க ஒன்றுமில்லை, வரிசை வரிசையாகப் பதினெட்டு பார்கோடுகள் மட்டும். அதில் ஒன்றே ஒன்று வெளியே தெரிய வேண்டும், மீதிப் பதினேழும் மறைய வேண்டும். சுமை தூக்கும் ஏணி இரண்டு ஷூப்பெட்டி மூடிகளால் மேல்பாதியை அமுக்கிக்கொண்டிருந்தான். மேல் அடுக்குப் பெட்டியையும் நின்ற இடத்திலிருந்தே எட்டி எடுக்கிற உயரம் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அவ்வளவு உயரத்தையும் இப்போது இரண்டாக மடித்து வைத்திருந்தான். கீழ்ப்பாதி கிரீச்சக்காவின் பொறுப்பு. பெட்டிகளைக் கட்டுகிறவள். அவள் ஒட்டுநாடாவை ஓர் இழுப்பு இழுத்தால் வாசலில் இருக்கும் காவலாளிக்குப் பல் கூசும். அவளும் இப்போது வாயை இறுக மூடிக்கொண்டு பக்கத்தின் ஓரங்களை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள்.

டைப்பு அக்கா ஸ்கேனரை இடது கையில் பிடித்துக் குறி பார்த்தாள். கிடங்கில் எல்லோரும் அதைத் துப்பாக்கி என்றுதான் சொல்வார்கள். பீப் என்றது. மூவரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

இந்தக் கூத்து எதற்கென்றால், அந்தத் துப்பாக்கிக்குப் பாடம் நடத்த வேறு வழி கிடையாது. வாயால் சொன்னால் கேட்காது, பொத்தான் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. என்ன செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டுமானால், புத்தகத்தில் இருக்கும் கோடுகளை ஒவ்வொன்றாக அதன் கண்ணில் காட்ட வேண்டும். 'ஆரம்பி' என்று ஒரு கோடு. 'இத்தனை எழுத்து அனுப்பு' என்று ஒரு கோடு. 'அடுத்த கட்டத்துக்குப் போ', 'இத்தனை எழுத்து தாண்டு', 'பின்னால் போ', கடைசியில் 'மனசில் வைத்துக்கொள்'. நடுவில் பக்கத்துக் கோடு கண்ணில் பட்டுவிட்டால் அதையும் கட்டளையாக எடுத்துக்கொண்டு போய்விடும். திங்கட்கிழமை அப்படித்தான் தெரியாத்தனமாக ஏதோ ஒரு கோடு பட்டு, துப்பாக்கி வேறு ஏதோ நாட்டு விசைப்பலகைக்குக் குடியேறிவிட்டது. எண்களுக்குப் பதிலாக அடைப்புக்குறியும் கொம்பு முளைத்த எழுத்துகளும் திரையில் வந்து விழுந்தன. கிரீச்சக்கா பார்த்துவிட்டு, "என்னக்கா, திட்டுதா?" என்று கேட்டாள். புத்தகத்தின் முதல் பக்கத்தில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒரு கோடு இருந்தது. அதைக் காட்டினால் எல்லாவற்றையும் மறந்து, பிறந்த குழந்தையாக ஆகிவிடும். இரண்டு நாளில் அது நாலு தடவை பிறந்துவிட்டது.

புத்தகம் ஏழு மொழிகளில் இருந்தது. எட்டாவதாக நம் மொழியைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. கைப்பேசியில் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக அர்த்தம் பார்த்துத்தான் அவள் இதுவரை வந்திருந்தாள். பள்ளியில் இவ்வளவு படித்திருந்தால் தான் இந்தக் கிடங்கிலேயே இருந்திருக்க மாட்டோம் என்று அவளுக்கே தோன்றியது.

அடிப்படைச் சிக்கல் சின்னதுதான். ஒவ்வொரு ஷூப்பெட்டியின் பக்கவாட்டிலும் பத்து இலக்கக் கோடு ஒன்று ஒட்டியிருக்கும். முதல் ஐந்து மாதிரி எண். அடுத்த இரண்டு நிறம். அதற்கடுத்த இரண்டு அளவு. கடைசி இலக்கம் காவலுக்கு, மற்ற ஒன்பதும் சரியா என்று கணக்குப் பார்க்க. ஆனால் கணினித் திரையில் மூன்று கட்டங்கள் இருந்தன, மாதிரி, அளவு, நிறம் என்ற வரிசையில். கோட்டை உருவாக்கியவனும் திரையை உருவாக்கியவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. இரண்டு வருஷம் முன்னால் துப்பாக்கி வந்த அன்று ஒரு பெட்டியைக் காட்டினார்கள், பத்து இலக்கமும் முதல் கட்டத்திலேயே போய் முண்டியடித்து நின்றது. "உடனடியா இதைத் தூக்கி உள்ள வை" என்றார் மேலாளர். எதைச் சொன்னாலும் உடனடியா என்று ஆரம்பிப்பார், அதனால் கிடங்கில் அவருக்கு 'உடனடி' என்றே பெயர். துப்பாக்கி இழுப்பறைக்குள் போனது. டைப்பு அக்கா எப்போதும்போல ஒவ்வொரு எண்ணாகத் தட்டிக்கொண்டிருந்தாள். பதினொரு வருஷமாகத் தட்டுகிறாள்.

இப்போது அவளால் தட்ட முடியவில்லை. அதுதான் விஷயம்.

நாலு மாதமாக வலது மணிக்கட்டில் வலி. முதலில் சுளுக்கு என்றாள், அப்புறம் வாயு என்றாள், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் மருத்துவரிடம் போனாள். அவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். சொன்னாள். "அதை விட்டுடுங்க" என்றார், காப்பியில் சர்க்கரையை விட்டுவிடச் சொல்கிற மாதிரி. விட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு என்ன தெரியும்? உடனடிக்கு மச்சினன் மகள் ஒருத்தி இருந்தாள். பத்து விரலாலும் தட்டுவாளாம், விசைப்பலகையைப் பார்க்கவே மாட்டாளாம். மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் பெண்ணின் பத்து விரல்களும் பேச்சில் வந்து போகும். தன் கை போன விஷயம் அவர் காதுக்குப் போனால் மறுநாளே அந்தப் பத்து விரலும் தன் நாற்காலியில் வந்து உட்காரும் என்று டைப்பு அக்காவுக்கு நன்றாகத் தெரியும். தன்னைப் பெட்டி கட்டும் பகுதிக்கு அனுப்புவார்கள். நாள் முழுக்க ஒட்டுநாடா இழுக்கும் வேலை. அதற்கு இந்த மணிக்கட்டு நாலு நாள் தாங்காது, அப்புறம் வீடுதான்.

அதனால் நாலு மாதமாக இடது கையின் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். மெதுவாகத் தட்டியதில் தப்பு குறைந்துபோய், போன மாதம் உடனடி அவளைப் பாராட்டவே செய்தார். ஆனால் வியாழக்கிழமை வருடாந்தரக் கையிருப்புக் கணக்கெடுப்பு. மூவாயிரத்து எண்ணூறு பெட்டிகள். நல்ல கையோடே நாலு நாள் பிடிக்கிற வேலை. ஒற்றை விரலால் என்றால் எத்தனை நாளோ. அதனால்தான் திங்கட்கிழமை இழுப்பறையைத் திறந்தாள்.

புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, கடைசிக் கோடும் ஏறியது. ஐந்து அனுப்பு. அடுத்த கட்டம். இரண்டு தாண்டு, அது நிறம். இரண்டு அனுப்பு, அது அளவு. அடுத்த கட்டம். தாண்டிய இரண்டுக்குத் திரும்ப, பின்னால் போ இரண்டு. இரண்டு அனுப்பு. முடி. மனசில் வைத்துக்கொள்.

மேசைக்குப் பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்து காட்டினாள். பீப். மாதிரி எண் முதல் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. அளவுக் கட்டத்தில் 05. நிறக் கட்டத்தில் 05. பெண்கள் ஷூ, ஐந்தாம் அளவு, கறுப்பு. கறுப்பின் எண்ணும் ஐந்துதான். அச்சு அசலாக அதே. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அதே அடுக்கிலிருந்து இன்னொரு மாதிரி எடுத்தாள். சரி. மூன்றாவதாக, தன் காலில் போட்டிருக்கும் மாதிரியின் பெட்டியையே எடுத்துக் காட்டினாள். அதுவும் சரி. மூன்று பெட்டியும் ஐந்தாம் அளவு, மூன்றும் கறுப்பு என்பதை அந்தச் சந்தோஷத்தில் யார் கவனிக்கப்போகிறார்கள்? ஏணி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க இன்ஜினியர்க்கா" என்றான். கிரீச்சக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு மட்டும்தான் மணிக்கட்டு விஷயம் தெரியும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் அவளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தார். வலது கை மேலே எழும்பாததால் நாலு மாதமாக அது அவர் வேலை. சிக்கெடுக்கும்போது நாக்கைத் துருத்திக்கொள்வார். எவ்வளவு முயன்றாலும் பின்னல் இடப்பக்கமாகவே சாய்ந்து முடியும்.

"ஆபீஸ்ல சொல்லிடேன்" என்றார்.

"நாளைக்கு ஒரே நாள்ல மூவாயிரத்து எண்ணூறும் முடிச்சுட்டு, அப்புறம் சொல்றேன். அப்ப யாரு என்னைக் கிளப்பறான்னு பாப்போம்."

"கை வலிக்குதான்னு கேட்டா என்னமோ போர்க்களத்துக்குப் போற மாதிரி பேசற" என்றார். ரிப்பனைத் தேடியவர், அது தன் வாயிலேயே இருப்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கினாள். கணினி அங்கே மேசைமேல், இவள் இங்கே அடுக்குகளுக்கு நடுவே. கம்பியில்லாத் துப்பாக்கி. ஏணி பெட்டிகளைத் திருப்பிக் கோட்டைக் காட்ட, பீப், அடுத்தது, பீப். முதல் அடுக்கு முழுக்க முடிய இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வழக்கமாக அதற்கு அரை நாள் பிடிக்கும். அந்தச் சத்தம் அவளுக்குச் சங்கீதமாக இருந்தது. பத்து மணிக்கு உடனடி வந்து எட்டிப் பார்த்தார். கணக்கெடுப்பு நாளில் டைப்பு அக்கா நடந்துகொண்டிருப்பதை அவர் பார்த்ததே இல்லை. "என்ன நடக்குது?" என்றார். ஏணிதான் விளக்கினான், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. பதினொன்றரைக்குக் கடைசிப் பெட்டியும் முடிந்தது. நாலு நாள் வேலை மூன்றரை மணி நேரத்தில். உடனடி அப்படியே உடனடியாகத் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கையை அனுப்பினார். தன் யோசனையால் நேரம் மிச்சமானதாக ஒரு வரியும் சேர்த்தார். டைப்பு அக்கா அதைப் பார்த்தாள், போகட்டும் என்று விட்டாள். சந்தோஷமாக இருக்கும்போது மனுஷிக்குப் பெருந்தன்மை வரத்தான் செய்கிறது.

பன்னிரண்டேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. தலைமை அலுவலகத்தில் விற்பனைப் பிரிவு. ஒலிபெருக்கியில் போட்டார் உடனடி, பாராட்டு வந்தால் எல்லோரும் கேட்கட்டுமே என்று.

"சார், இத்தனை நாளா வெள்ளி ஷூவை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"என்ன ஷூ?"

"ஆம்பளைங்க ஆபீஸ் ஷூ, பத்தாம் சைஸ், பளபளக்கற வெள்ளிக் கலர், நூத்தி எழுபது ஜோடி. அறிக்கையில இருக்கே. ஒரு நாடகக் குழு மூணு மாசமா அலையறாங்க சார், நாப்பது ஜோடி இப்பதான் சொல்லிட்டேன். அதோட அந்த ரோஸ் கலர், எட்டாம் சைஸ். அறுநூத்திப் பதினோரு ஜோடி இருக்கு. அதுக்கும் ஆள் பாக்கறேன்."

உடனடி அறிக்கையை எடுத்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆறாம் அளவு எல்லாமே நீலம். ஏழாம் அளவு எல்லாமே பச்சை. எட்டு எல்லாம் ரோஸ். ஒன்பது எல்லாம் மஞ்சள். பத்தாம் அளவுக்காரர்கள் அத்தனை பேரும் வெள்ளி. ஐந்தாம் அளவு மட்டும், அப்பழுக்கில்லாமல், கறுப்பு. அந்தக் கிடங்கில் ரோஸ் நிறத்தில் ஒரு ஜோடிகூடக் கிடையாது. கறுப்பும் பழுப்பும்தான் ஏராளம், ஓரத்தில் கொஞ்சம் சாம்பல்.

டைப்பு அக்கா அறிக்கையை எட்டிப் பார்த்தாள். அளவு இரண்டு தடவை போயிருக்கிறது. அளவே நிறமாகவும் போயிருக்கிறது. எப்படி? நேற்று மூன்று பெட்டி பார்த்தோமே. பக்கத்து அடுக்கைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்தாம் அளவு, கறுப்பு, ஐந்தாம் அளவு, கறுப்பு. குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அவையும் ஐந்தாம் அளவு, கறுப்பு. செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

"துப்பாக்கியும் வேணாம், வெடியும் வேணாம்" என்று கத்தினார் உடனடி. "உடனடியா உக்காந்து எல்லாத்தையும் டைப் அடி. ராத்திரியானாலும் பரவால்ல."

"அடிக்க முடியாது சார்."

"என்ன?"

"என் கை போச்சு சார். வலது கை. நாலு மாசமாச்சு."

கிரீச்சக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். உடனடி டைப்பு அக்காவைப் பார்த்தார், பிறகு அவள் தோளுக்குப் பின்னால் தொங்கியதைப் பார்த்தார்.

"அதனாலதான் பின்னல் கோணலா இருக்கா?"

"ஆமாம் சார்."

"நான் புது ஸ்டைலுன்னு நெனச்சேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். பதினொரு வருஷத்தில் இந்த மனுஷன் தன்னை ஒரு தடவையாவது கவனித்திருக்கிறார் என்பது ஒரு பக்கம் ஆச்சரியம். மறுபக்கம், எல்லாம் முடிந்தது என்ற துக்கம். முடிந்தது என்று ஆன பிறகு பயம் மட்டும் எங்கோ போய்விட்டது. "ஒரு மணி நேரம் குடுங்க சார். தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சுட்டேன்னா, ஆறு மணிக்குள்ள எல்லாத்தையும் திரும்ப எடுத்துடலாம். ஆனா எனக்குப் பத்து ஆள் வேணும்."

"எதுக்குப் பத்து ஆள்?"

"கோட்டுல பத்து இலக்கம் சார். தாள்ல எழுதிப் பார்த்தா ஏமாத்துது. ஆளை நிக்க வெச்சு, நானே துப்பாக்கியா நடந்து பாக்கறேன்."

சுமை தூக்குபவர்கள் நாலு பேர். கட்டும் பெண்கள் நாலு பேர். காவலாளி ஒருவர். ஒன்பதுதான் தேறியது. எல்லோரும் மெதுவாக உடனடியைப் பார்த்தார்கள்.

அவர் வந்து நின்றார். வேறு வழி?

பழுப்பு நிறத்தில் எட்டாம் அளவு ஆண்கள் ஷூ ஒன்றை எடுத்து, அதன் எண்ணைப் பெட்டி மூடிகளில் பெரிதாக எழுதி ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். 2, 1, 4, 0, 7 என்று மாதிரி. அடுத்து 0, 3 நிறம். அடுத்து 0, 8 அளவு. கடைசியில் 6. வரிசை அடுக்குகளுக்கு நடுவே நீண்டது. ஏணி ஏழு. கிரீச்சக்கா நிறத்தின் 3. காவலாளி அளவின் பூஜ்யம், ஏன் எனக்கு மட்டும் பூஜ்யம் என்று முணுமுணுத்தார். உடனடிக்குக் கடைசி மூடி.

"என்னை எப்பம்மா கூப்பிடுவ?"

"உங்கள கூப்பிடவே மாட்டேன் சார். நீங்க சும்மா நின்னா போதும்."

வரிசை முழுக்க ஓர் அசைவு ஓடியது. சிரிப்பை விழுங்கினால் வருகிற அசைவு. உடனடியின் முகம் சிறுத்ததைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. "காவல் எண் சார் நீங்க. நீங்க தப்பா நின்னா மத்த ஒன்பது பேரும் சரியா நின்னும் பிரயோசனம் இல்ல. மெஷின் பெட்டியவே ஏத்துக்காது."

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நின்றார்.

டைப்பு அக்கா வரிசையின் தலையிலிருந்து நடந்தாள். முதல் ஐந்து பேரின் தோளையும் தொட்டு, "நீங்க அஞ்சு பேரும் முதல் கட்டம், அந்தத் தூண்கிட்ட போங்க. ஆனா உங்க இடம் இங்கதான், மனசுல வெச்சுக்கங்க." போனார்கள். "அடுத்து ரெண்டு தாண்டறேன்." நிறத்தின் இருவரையும் கடந்தாள். "இப்ப ரெண்டு அனுப்பறேன்." காவலாளியையும் அவருக்கு அடுத்தவனையும் தொட்டு ஜன்னலுக்கு அனுப்பினாள். தொட்டுக்கொண்டே நடந்ததில், அவள் நின்ற இடம் உடனடிக்கு நேர் எதிரே. அவர் மூச்சுகூட விடாமல் நின்றார்.

"இப்ப பின்னால ரெண்டு" என்று திரும்பி, ஒன்று, இரண்டு என்று அடி வைத்தாள்.

அளவு நின்ற காலி இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள் கிரீச்சக்கா, கையில் 3-ஐப் பிடித்தபடி. "நான் இங்க இல்ல நிக்கறேன்?"

தாண்டியது இரண்டு, சரி. ஆனால் அனுப்பும்போதும் கால் நடக்கத்தானே செய்கிறது! அந்த இரண்டை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை. தாண்டியது இரண்டு, அனுப்பியது இரண்டு, ஆக மொத்தம் நாலு. "நாலு!" என்று அவள் போட்ட சத்தத்தில் உடனடியே ஓரடி நகர்ந்துவிட்டார், பிறகு பதறிப்போய் மறுபடி தன் இடத்துக்கு வந்தார். "பின்னால நாலு! நாலு போகணும்!" ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிப் போய்க் கிரீச்சக்காவையும் அவளுக்கு முன்னால் நின்றவளையும் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வலது கை சுரீர் என்றது. வலிக்கட்டும்.

மறுபடி பக்கத்தை விரித்தார்கள். இந்தத் தடவை மறைப்பதற்குப் பத்துப் பேர் இருந்தார்கள், உடனடியும் ஒரு விரலால் ஒரு கோட்டைப் பொத்திக்கொண்டார். புதுப் பாடம் ஏறியதும் ஆறு முதல் பத்து வரை ஒவ்வோர் அளவிலும் மும்மூன்று பெட்டியாகப் பதினைந்து பெட்டி சோதித்தாள். ஐந்தாம் அளவுக் கறுப்பைத் தொடவே இல்லை, அதன்மேல் அவளுக்கு அவ்வளவு கோபம். ஒன்றரைக்குத் தொடங்கி ஐந்தே காலுக்கு மூவாயிரத்து எண்ணூறும் முடிந்தது. திரையில் பத்தாம் அளவுகள் தங்கள் கறுப்புக்குத் திரும்பின. நாடகக் குழுவுக்கு என்ன பதில் சொன்னார்களோ தெரியாது. கட்டளைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் இடது கையால் கோணல்மாணலாக எழுதி, 'பின்னால் நாலு' என்பதன் கீழே இரண்டு கோடு இழுத்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரரிடம், "சொல்லிட்டேன்" என்றாள். "என்ன சொன்னாரு?" என்றார். "பின்னல் நல்லாருக்காம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் போனபோது, அவள் மேசைக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், சாந்தமான முகம். கைகள் மடிமேல் இருந்தன. டைப்பு அக்காவின் கண் நேராக விரல்களுக்குத்தான் போனது. பத்து.

"வாம்மா" என்றார் உடனடி. "இது என் மச்சினன் மகள்." குரல் வழக்கத்தைவிடக் கனிவாக இருந்தது. "நேத்து நீ செஞ்சது பெரிய வேலை, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா யோசிச்சுப் பாரு. இனிமே டைப்பே கிடையாது, பொத்தானை அழுத்தினா போதும். அதுக்குப் பதினோரு வருஷ அனுபவம் எதுக்கு? உனக்கும் கை சரியில்ல. கட்டற பக்கம் போய் நிம்மதியா இரு."

ஒட்டுநாடா இழுக்கிற இடத்தில் நிம்மதி. தானே ராவும் பகலும் அகராதி பார்த்துத் தன் நாற்காலியின் காலை அறுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. வேலையை எவ்வளவு சுலபமாக ஆக்கினாளோ அவ்வளவுக்கு அது யார் வேண்டுமானாலும் செய்கிற வேலையாகிவிட்டது. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. எது முதலில் வெளியே வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பெண் சங்கடமாக எழுந்து நின்றாள். "மாமா, எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதே" என்றாள்.

"தெரிய என்ன இருக்கு? கழுதை, அஞ்சு நிமிஷ வேலை." உடனடி துப்பாக்கியைக் கையில் எடுத்தார். புத்தகத்தைப் பிரித்தார். "எதையும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். உடனடியா காட்டறேன் பாரு."

முதல் பக்கம். எல்லாவற்றையும்விடப் பெரிய கோடு.

"சார், அது வேண்டா..." என்று டைப்பு அக்கா வாயைத் திறப்பதற்குள் பீப், பீப், பீப் என்று மூன்று தடவை கத்தியது. பிறந்த குழந்தை அழுகிற அதே சத்தம்.

"பாத்தியா, மூணு பீப்" என்றார் பெருமையாக. ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினார். பத்து இலக்கமும் முதல் கட்டத்தில் போய் முண்டியடித்து நின்றது. இன்னொரு பெட்டி. அதுவும் அப்படியே. துப்பாக்கியைத் தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். வெளியே வண்டி வந்து நின்றது, காலைச் சரக்கு, இருநூற்று நாற்பது பெட்டி, பத்து மணிக்குள் பதிந்தாக வேண்டும். மச்சினன் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். கிரீச்சக்காவின் பக்கம் ஒட்டுநாடாச் சத்தம் நின்றுபோயிருந்தது. ஏணி அடுக்குக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உடனடி மெல்லத் திரும்பினார். "என்னம்மா ஆச்சு இதுக்கு?"

"எல்லாத்தையும் மறந்துடுச்சு சார்."

"உனக்கு... உனக்கு ஞாபகம் இருக்கில்ல?"

கைப்பை அவள் இடது தோளில் தொங்கியது. உள்ளே, சாப்பாட்டு டப்பாவுக்கும் மாத்திரை அட்டைக்கும் நடுவே, நாலாக மடித்த தாள். அவள் பையின்மேல் உள்ளங்கையை வைத்து, ஜிப் மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். மூடித்தான் இருந்தது.

"இல்லயே சார்" என்றாள். "தாள்ல பார்த்தா எனக்கு வராது. திரும்ப வரிசையா நின்னாதான் வரும்."

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஏணி முதலில் வந்தான், பின்னாலேயே கிரீச்சக்கா. காவலாளி வாசலை விட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்து தன் பூஜ்யத்தைத் தேடி எடுத்தார். நேற்றைய மூடிகள் இன்னும் அடுக்கின்மேல்தான் இருந்தன. ஒவ்வொருவராகத் தங்கள் இடத்தில் போய் நின்றார்கள், எட்டு, ஒன்பது. உடனடி கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தார், தன் மச்சினன் மகளைப் பார்த்தார், வெளியே நிற்கும் வண்டியைப் பார்த்தார். துப்பாக்கியைக் கொண்டுவந்து டைப்பு அக்காவின் இடது கையில் கொடுத்தார். பிறகு 6 என்று எழுதிய மூடியை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்தார்.

"மாமா, நீங்க ஏன் அங்க போய் நிக்கறீங்க?"

"நீ சும்மா இரு" என்றார். சட்டையை இழுத்துவிட்டு, மூடியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "நான் சரியா நிக்கலேன்னா பெட்டியே உள்ள போகாது."

டைப்பு அக்கா நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு, கைப்பையை அதன் முதுகில் மாட்டினாள். வரிசையின் தலைக்குப் போய், முதல் ஆளின் தோளைத் தொட்டாள். அவசரமே இல்லாமல் நடந்தாள். இடப்பக்கமாகச் சாய்ந்த பின்னல் ஒவ்வோர் அடிக்கும் ஆடியது. அந்தக் கோடியில், யாரும் கூப்பிடாத பத்தாவது இடத்தில், மேலாளர் குதிகாலை ஒட்டி வைத்துக்கொண்டு நேராக நின்றிருந்தார்.